முழுப்படமும் ஒரே மேசையில்: டெனிஷ் 'தி கில்ட்டி' பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கொக்குவில் பெடியன்:
போன வெள்ளி இரவு 'தி கில்ட்டி' பார்த்தேன். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த, ஜேக் ஜிலென்ஹால் நடித்ததைச் சொல்லவில்லை, அதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நான் சொல்வது 2018இல் டென்மார்க்கில் எடுத்த மூலப் படம். இயக்குநர் குஸ்தாவ் மோலர், நடித்தவர் யாக்கோப் சிடர்கிரென். 85 நிமிடம்தான். ரீமேக் வந்ததும் இது அப்படியே அடியில் போய்விட்டது, என் கூட்டாளிகளில் ஒருத்தர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை, அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

இடம் ஓர் அவசர அழைப்பு நிலையம். அஸ்கர் என்ற பொலிஸ்காரரை வெளி வேலையிலிருந்து எடுத்து போன் மேசையில் இருத்தியிருக்கிறார்கள். இரவில் ஒரு பெண் அழைக்கிறாள், தன் பிள்ளையோடு கதைப்பது போலக் கதைக்கிறாள். பக்கத்தில் யாரோ இருக்கிறான், அவளால் வாய் திறந்து உண்மையைச் சொல்ல ஏலாது என்று அஸ்கருக்கு விளங்கிவிடுகிறது. ஓம், இல்லை என்று மட்டும் பதில் சொல் என்கிறார். அவ்வளவுதான், பிறகு நான் போனைக் கையில் எடுக்கவே இல்லை. கமரா கடைசிவரை அந்த நிலையத்தை விட்டு வெளியே போகாது. மழை, வைப்பர் அடிக்கிற சத்தம், வீட்டில் தனியே நிற்கிற ஆறு வயதுப் பிள்ளையின் அழுகை, எல்லாம் காதால்தான்.

அம்மா பக்கத்தில் இருந்து அடுத்த நாள் கறிக்குப் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தா. எழுத்து ஓடுவதை அவவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். "வெள்ளை வானில் கொண்டு போறானாம்" என்றதும் கை நின்றுவிட்டது. பாதி முறித்த காயைப் பிடித்தபடியே மிச்சப் படம் முழுக்கப் பார்த்தா. எனக்கு அந்தச் சொல் ஒரு வாகனம், இங்கே வெள்ளை வானில் ஆட்களைக் கடத்திய காலத்தைக் கண்ட அவவுக்கு அப்படி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கேட்க வந்தது இதுதான்: இப்படி ஒரே இடத்துக்குள் நடக்கிற, அதிகம் பேர் பார்க்காத திரில்லர் வேறு தெரியுமா? பேய்ப் படம் வேண்டாம். ரீமேக்கையும் பார்க்கலாமா?

ஹெர்னிங் அக்கா:
தம்பி, நான் இங்கே டென்மார்க்கில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுதி இன்றைக்குத்தான் வாசிக்கிறேன், சந்தோசம். அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது வாங்கிய படம், அந்த வருட ஒஸ்காருக்கும் டென்மார்க் இதைத்தான் அனுப்பியது.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். வந்த புதிதில் டெனிஷ் படித்த காலத்தில் எனக்குப் பெரிய பயம் போன்தான். கடையில், பள்ளிக்கூடத்தில் என்றால் ஆளின் முகத்தைப் பார்த்துப் பாதியை ஊகிக்கலாம். போனில் வெறும் குரல். விளங்காத இடத்தை நாங்களே எதையாவது போட்டு நிரப்பிக்கொள்வோம், சில நேரம் அது முழுப் பிழையாக இருக்கும். அஸ்கர் அந்தக் குரல்களைக் கேட்டு ஒரு கதையைக் கட்டிக்கொண்டு போகும்போது எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. இதற்கு மேல் சொன்னால் படம் கெட்டுவிடும்.

படத்தின் டெனிஷ் தலைப்பில் வருகிற 'ஸ்கில்டி' என்ற சொல்லுக்குக் குற்றவாளி என்றும் பொருள், கடன்பட்டவர் என்றும் பொருள். ஆங்கிலத் தலைப்பில் பாதி போய்விட்டது. முடிவைப் பார்த்தவர்களுக்கு அந்த மற்றப் பாதி விளங்கும்.

கட்டட வேலைக்காரன்:
நீங்கள் தேடுகிற ஆள் 'லொக்'. 2013, இயக்கம் ஸ்டீவன் நைட், திரையில் தெரிவது டொம் ஹார்டி ஒருவர்தான், இடம் ஓடுகிற ஒரு கார். அவர் கட்டட வேலை மேற்பார்வையாளர். விடிந்தால் ஒரு பெரிய கட்டடத்தின் அத்திவாரத்துக்குக் கொங்கிறீற் ஊற்ற வேண்டும், ஆனால் ஆள் அன்று இரவு பேர்மிங்காமிலிருந்து லண்டனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார், வீட்டையும் வேலையையும் போனிலேயே சமாளிக்கிறார். கொலை, கடத்தல் ஒன்றும் இல்லை. நான் இந்தத் தொழில், கொங்கிறீற் போடுகிற நாளுக்கு முதல் இரவு எனக்கு நித்திரை வராது, லொறி பிந்தினால் என்ன, கலவை பிழைத்தால் என்ன என்று மனம் அடித்துக்கொண்டே கிடக்கும். அந்தப் பதற்றத்தை வைத்து ஒருவர் முழுப்படம் எடுத்திருக்கிறார், அது போதும் எனக்கு. மற்ற நடிகர்கள் ஒரு ஹோட்டலில் இருந்துகொண்டு உண்மையாகவே காருக்குப் போன் எடுத்துத்தான் நடித்தார்கள்.

அரியாலை:
தமிழில் என்றால் பார்த்திபனின் 'ஒத்த செருப்பு சைஸ் 7', 2019. பொலிஸ் நிலையத்துக்குள் அவர் ஒருவர் மட்டும், மற்றவர்கள் எல்லாரும் குரல்தான். ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்கு இந்தியத் தேசிய விருது கிடைத்தது இதற்குத்தான். ஆள் கொஞ்சம் கூடுதலாகக் கதைப்பார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ரேடியோ:
தம்பி, ரீமேக்கைப் பிறகு ஆறுதலாகப் பாருங்கள். அதில் சத்தமும் கூட, ஆளின் கோபமும் கூட. டெனிஷ் படத்தில் மேசையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், லைனில் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அந்த விளக்கே போதுமாக இருந்தது.

1990க்குப் பிறகு, போர்க் காலத்தில், இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருத்தர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துபோகும், உடனே மற்றவர் கை மாற்றுவார். இருட்டில் பத்துப் பேர் மூச்சு விடாமல் குரலைக் கேட்டுக்கொண்டு இருந்த ஊர் இது. இந்தப் படத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் விளக்கை அணைத்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. உங்கள் அம்மா கையை நிறுத்தியது எனக்கு நன்றாக விளங்குகிறது.

கொக்குவில் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, அந்தச் சொல்லின் மற்றப் பொருளை வாசித்த பிறகு கடைசி இருபது நிமிடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், வேறு மாதிரி இருந்தது. ஞாயிறு இரவு 'லொக்', கட்டட அண்ணை சொன்னதற்காகவே. அம்மா காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது கேட்டா, அந்த ஆறு வயதுப் பிள்ளையைப் பிறகு ஆர் பார்க்கினம் என்று. படத்தில் அது இல்லை அம்மா என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுத்ததையும் தமிழில் சொல்லு என்றா.