மகளை ஊழியத்துக்கு அனுப்பின அம்மாமாரே, உங்களுக்கும் இப்படி இருந்துச்சா?

பசுமலை அம்மா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சுருக்கமா சொல்லிடுறேன். என் ரெண்டாவது மக பிஎஸ்சி நர்சிங் முடிச்சவ, உகாண்டால ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரில இருக்கா, போய் நாலு வருஷம் ஆச்சு. சம்பளத்துக்குப் போகல, ஊழியத்துக்குன்னே போனவ. அழைப்பு, பொருத்தனை அதெல்லாம் இங்க இருக்கவங்களுக்கு நான் விளக்க வேணாம்.

நான் சொல்ல வந்தது ரெண்டு வாரத்துக்கு முந்தி நடந்தது. சாயங்காலம் எட்டரைக்கு வீடியோ கால் வந்தா, அங்க அப்ப ஆறு மணிதான், ரெண்டரை மணி நேரம் நமக்குப் பின்னாடி. வாசப்படில உக்காந்து பேசிக்கிட்டிருந்தா. செம்மண்ணு, பின்னால வாழைத்தோப்பு, சோழவந்தான் பக்கம் எங்கயோ உக்காந்திருக்கான்னு நெனச்சுக்கலாம் போல. அப்ப ஒரு வயசான அம்மா வாழை இலைல எதையோ பொதிஞ்சு கொண்டாந்துச்சு, அந்த ஊர்ல வாழைக்காய வேகவச்சு மசிச்சுத்தான் சோறு மாதிரி திம்பாங்களாம். என் மக போனைத் திண்ணைல வச்சுட்டு எந்திரிச்சவ, அப்படியே தரைல முட்டி போட்டுட்டா. பெரியவங்களுக்கு அங்க அப்படித்தான் மரியாதையாம், பொறகு சொன்னா. முட்டி போட்டு ரெண்டு கையால வாங்கிக்கிட்டு 'மாமா'ங்குறா. எனக்குப் புரியல, எந்த மாமாடின்னு பாத்தா அவங்க பாஷைல அம்மாவுக்குத்தான் மாமாவாம்.

அதுகூடப் பரவாயில்ல. அந்தம்மா குனிஞ்சு புறங்கைய என் மக கழுத்துல வச்சுப் பாத்துச்சு. காய்ச்சல் இருக்கான்னு. நான் வைக்கிற மாதிரியே, காதுக்குக் கீழ, அதே எடத்துல. என்னடி உடம்புக்குன்னு கேட்டா, ஒண்ணுமில்லமா லேசா மலேரியா, முடிஞ்சிருச்சுங்குறா. லேசா மலேரியாவாம், சளி புடிச்ச மாதிரி சொல்றா. எனக்கே தெரியாது. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

தூரதேசத்துல என் புள்ளயப் பாத்துக்க ஒரு ஆள் இருக்கேன்னு கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கணும்ல. எனக்கு வந்தது பொறாமைங்க. போனை வச்சுட்டு அடுப்படில நின்னு அழுதேன், வெஞ்சனம் அடிபுடிச்சுப் போச்சு.

அதுக்கு அடுத்த ஞாயிறே பெண்கள் ஐக்கிய சங்கத்துல என்னையச் சாட்சி சொல்லக் கூப்பிட்டு, பொன்னாடை போத்தி, பைபிள்ல அன்னாள் தன் மகன் சாமுவேலைக் கோயிலுக்குக் குடுத்த மாதிரி குடுத்த தாய்னு ஐயரம்மா, அதான் எங்க பாஸ்டர் வீட்டம்மா, சொன்னாங்க. நானும் எப்பவும் சொல்ற சாட்சியச் சொல்லிட்டு எறங்கிட்டேன். அந்தப் பொன்னாடை இன்னும் மடிக்காம நாற்காலி மேல கெடக்கு. உங்களுக்கும் இப்படி இருந்துச்சா?

மேலூர் தம்பி

அம்மா நான் அம்மா இல்ல, தம்பி, இருந்தாலும் எழுதுறேன். எங்க அக்கா கம்போடியால இருக்கு. எனக்கு மறக்காதது ஏர்போர்ட்தான். அம்மா ஒரு வாரமா உக்காந்து பருப்புப்பொடி, இட்லிப்பொடி, சுண்டவத்தல், மோர்மிளகாய்னு மூட்டை கட்டினாங்க, மதுரை ஏர்போர்ட்ல எடை போட்டா நாலு கிலோ கூட. தரையிலயே பெட்டியத் தொறந்து போட்டு எதை எடுக்குறது எதை வைக்கிறதுன்னு ஒரே கூத்து, பின்னால கொழும்பு போற ஆளுக லைன்ல நின்னு உச்சு கொட்டுறாங்ய. அக்கா அங்க இருக்க சின்னப்புள்ளைகளுக்குன்னு கலர் படம் போட்ட கதைப் புஸ்தகம் கொஞ்சம் வச்சிருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு பொடி டப்பாவையெல்லாம் எடுத்து அம்மா கைல குடுத்துருச்சு. யோசிக்கக்கூட இல்ல. டக்குன்னு குடுத்துச்சு.

அம்மா ஒண்ணும் சொல்லல. வீட்டுக்குக் கொண்டாந்து பிரிட்ஜுல வச்சாங்க. நான் ஒருநாள் இட்லிக்குத் தொட்டுக்க எடுத்தேன், வஞ்சாங்க பாருங்க, என் ஆயுசுக்கும் அப்படி வாங்கினதில்ல. இப்ப அந்தப் பொடி காறல் வாடை அடிக்குது, தூக்கிப்போடவும் விடமாட்டேங்குறாங்க. அக்காட்ட இன்னும் இதைச் சொல்லல. சொல்லணுமா வேணாமா?

தல்லாகுளம் டீச்சர்

பசுமலை சிஸ்டர், உங்க மனசு புரியுது, ஆனா கொஞ்சம் கறாரா சொல்றேன், கோச்சுக்காதீங்க. நம்ம ஊரே இப்படி வந்தவங்களால ஆனதுதானே. அமெரிக்கன் மிஷன்காரங்க 1834ல மதுரைக்கு வந்தாங்க. காய்ச்சல்லயும் காலராலயும் ஆளு போயிக்கிட்டே இருந்ததாலதான் 1845ல கொடைக்கானல் மேல ஏறி வீடு கட்டினாங்க, நம்ம இப்ப ஹனிமூனுக்குப் போற ஊரு. நான் லேடி டோக் காலேஜ்ல படிச்சவ. அதை 1948ல ஆரம்பிச்ச கேட்டி வில்காக்ஸ் அம்மையாருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்கள்ல? டோனாவூர்ல ஏமி கார்மைக்கேல் அம்மாவ எடுத்துக்கங்க. 1895ல இந்தியாவுக்கு வந்தவங்க, 1951ல சாகுற வரைக்கும் ஒருதடவைகூட சொந்த ஊருக்குத் திரும்பிப் போகல. வாட்ஸப்பா இருந்துச்சு அன்னைக்கு? கப்பல்ல லெட்டர் போய்ச் சேரவே வாரக்கணக்கு. அவங்களையெல்லாம் நம்ம ஊர்ப் புள்ளைக 'அம்மா'ன்னுதானே கூப்பிட்டுச்சுக. அப்ப நாம வாங்கிக்கிட்டோம். இப்ப நம்ம முறை.

என் அனுபவம்னா, என் மக ஒரிசால ரெண்டு வருஷம் இருந்துட்டு உடம்பு முடியாமத் திரும்பி வந்துட்டா. அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதுறேன்.

திண்டுக்கல் ஆர்.சி. பொண்ணு

டீச்சர், 'நம்ம முறை'ன்னு சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. பசுமலை அம்மா கேட்டது கணக்கு இல்லையே. அவங்க அழுததச் சொல்றாங்க, நீங்க வருஷத்தச் சொல்றீங்க.

எங்க அத்தை சிஸ்டர். இருபது வயசுல மடத்துக்குப் போயி பொறகு தான்சானியாவுக்கு அனுப்பிட்டாங்க. தாத்தா எறந்தப்ப வரமுடியல. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நீலக்கலர் ஏர்மெயில் லெட்டர் வந்தா நான்தான் படிச்சுக் காட்டணும், அப்ப எனக்கு பதினொண்ணு பன்னெண்டு வயசு இருக்கும். அத்தை லெட்டர்னா எப்பவும் ஒரே மாதிரி, நான் நலம், இங்க மழை, பள்ளிக்கூடத்துல இத்தனை புள்ளைக, எல்லாருக்காகவும் செபிக்கிறேன், அவ்வளவுதான். அப்பத்தா 'வேற?'ன்னு கேக்கும். 'வேற ஒண்ணுமில்ல'ன்னா மூஞ்சி சுருங்கிப்போகும். ஒருநாள் நானா ஒரு வரி சேத்துப் படிச்சேன். 'அம்மா, நேத்து ராத்திரி உன் அயிரை மீன் கொழம்பு நெனப்பு வந்து தூங்கவே இல்ல'ன்னு. அப்பத்தா மூஞ்சியப் பாக்கணுமே. அதுக்கப்பறம் ஒவ்வொரு லெட்டருக்கும் ரெண்டு வரி என் கைச்சரக்கு. எனக்கே ருசி கண்டுபோச்சு, ஒருதடவை 'உன் பழைய சேலை ஒண்ண தலைக்கு வச்சுத்தான் படுக்குறேன்'னுகூட விட்டுட்டேன்.

அத்தை லீவுல வந்துச்சு. அப்பத்தா ஓடிப்போயி முதல்ல கேட்டதே, 'அந்தச் சேலை கிழிஞ்சிருக்கும், வேற தரவா'ன்னுதான். நான் கதவுக்குப் பின்னாடி நிக்கிறேன், எனக்கு மூச்சே நின்னுபோச்சு. அத்தை என்னை ஒரு பார்வை பாத்துச்சு. பொறகு அப்பத்தாட்ட, 'ஆமாம்மா, கிழிஞ்சுருச்சு, குடுங்க'ன்னு சொல்லி வாங்கிப் பெட்டில வச்சுக்கிச்சு. என்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, இன்னிக்கு வரைக்கும். அப்பத்தா போயி ஒம்பது வருஷம் ஆச்சு. நான் செஞ்சது தப்பா சரியான்னு எனக்கு இன்னும் பிடிபடல.

மேலூர் தம்பி, அக்காட்ட பொடி விஷயத்தச் சொல்லிருங்க.

திருநகர் ரிட்டயர்டு

என் மகன் ஆஸ்திரேலியா. மிஷனரி இல்ல, சாப்ட்வேர். இருந்தாலும் பிரிவு பிரிவுதானே. சிட்னில எறங்கிட்டு மூணு நாள் போனே பண்ணல, சிம் கார்டு மாட்டத் தெரியலையாம், இன்ஜினியரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். யாரும் முக்கியமானதப் பேசல. உகாண்டா போறவங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். நம்மூர்ல வர்ற மஞ்சக்காமாலை வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க. போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் சர்டிபிகேட் செல்லும், அதனால கடைசி நேரத்துல ஓடக்கூடாது. முன்னெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருதடவை போடணும், 2016 ஜூலைல இருந்து ஒருதடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். அந்த மஞ்சக்கலர் அட்டைய பாஸ்போர்ட்டோடயே வச்சிருக்கணும், திரும்பி வர்றப்ப நம்ம ஏர்போர்ட்லயே கேப்பாங்க, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க. ரெண்டாவது, கம்பாலால இந்தியன் ஹை கமிஷன் இருக்கு, அங்க பேரு பதிஞ்சிருக்காளான்னு மகட்ட கேளுங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா 1972ல அங்க ஆட்சில இருந்த இடி அமீன் ஆசியாக்காரங்க எல்லாரையும் 90 நாள்ல காலி பண்ணச் சொன்ன ஊரு அது, குஜராத்திக்காரங்க கடை கண்ணியெல்லாம் போட்டது போட்டபடி விட்டுட்டுக் கெளம்பினாங்க. இப்ப அப்படி இல்ல, நெலம மாறிருச்சு, இருந்தாலும் பதிவு நல்லது. மூணாவது, லீவுல வந்து இங்க காய்ச்சல் அடிச்சா டாக்டர்ட்ட முதல் வார்த்தையா ஆப்பிரிக்கால இருந்து வந்தேன்னு சொல்லச் சொல்லுங்க, இங்க வைரல் பீவர்னு மாத்திரை குடுத்து அனுப்பிருவாங்க, அங்கத்திய மலேரியா மூளைக்கு ஏறுற ரகம், நாள் கடத்தக்கூடாது. நாலாவது, மருந்து தோச்ச கொசுவலை. அஞ்சாவது, மிஷன்காரங்க இன்சூரன்ஸ் எடுத்திருக்காங்களா, அதுல அவசரத்துக்கு ஊருக்குத் தூக்கிட்டு வர்ற செலவு அடங்குமா, பேப்பர வாங்கிப் படிங்க. வாய் வார்த்தையா சொன்னா நம்பாதீங்க. பாங்க் அக்கவுண்ட்ல நாமினி யாரு? பான் கார்டு ஆதார் லிங்க் பண்ணியாச்சா? கல்யாண விஷயமும் யோசிக்கணும், வயசு ஏறிக்கிட்டே போகுது.

உசிலம்பட்டிக்காரி, இப்ப மலாவில

திருநகர் அங்கிள், கடைசி வரிய விட்டுட்டு மிச்சமெல்லாம் சரி. கொசுவலை மேட்டர் ரொம்பச் சரி. கடைசி வரிய எங்க சர்ச்ல நூறு பேர் ஏற்கனவே சொல்லிட்டாங்க, நன்றி.

பசுமலை அம்மா, நான் அந்த மக இடத்துல இருக்கவ. மலேரியாவ மறைச்சது உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு இல்லம்மா. தெரிஞ்சா நீங்க அங்க இருந்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க? முழிச்சுக்கிட்டுக் கெடப்பீங்க. எனக்கு ரெண்டுதடவை வந்துருச்சு. காய்ச்சல் விட்டதும் தலைக்குக் குளிச்சு, பவுடர் போட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்துதான் எங்கம்மாவுக்கு வீடியோ கால் போடுவேன், மூஞ்சி இருட்டா இருந்தா தெரியாதுல்ல. எங்கம்மா ஆடு மேய்ச்ச பொம்பள. ஒருநாள் பேச்ச நிறுத்திட்டு, 'வெளிச்சத்துக்கு வா'ன்னுச்சு. நெட் சரியில்லம்மான்னேன். 'நெட்டு கெடக்கட்டும், வெளிச்சத்துக்கு வாடி'. வந்தேன். கொஞ்ச நேரம் பாத்துச்சு, 'சரி, போயி சாப்புடு'ன்னு கட் பண்ணிருச்சு. ஒரு கேள்வி கேக்கல. அன்னைக்குத்தான் இங்க வந்து முதல்தடவையா ஊருக்குப் போயிரலாமான்னு தோணுச்சு.

அப்பறம் அந்த 'மாமா' விஷயம். இங்க வயசுல பெரிய பொம்பளைங்க எல்லாருமே 'அமாயி', அம்மான்னுதான் அர்த்தம். மாட்டுத்தாவணில பூக்காரம்மாவ நாம அம்மாங்கல? அப்படித்தான். என்னை இங்க இருக்க கிழவிக 'ம்வானா'ங்குதுக, புள்ளன்னு அர்த்தம், முப்பத்தி மூணு வயசுல நான் புள்ள. ஆனா கழுத்துல கை வச்சுப் பாத்துச்சுன்னீங்களே, அது பூக்காரம்மா கணக்கு இல்ல, அதை நான் இல்லன்னு சொல்லமாட்டேன். எனக்கும் இங்க அப்படி ஒரு ஆள் இருக்கு. எங்கம்மாட்ட சொன்னதில்ல.

தல்லாகுளம் டீச்சர்

திண்டுக்கல் பொண்ணுக்கு: நான் கணக்குச் சொல்லல, ஆறுதலுக்குச் சொன்னேன். லெட்டர்ல பொய் சேத்துப் படிச்சதுக்கு மொதல்ல பதில் சொல்லும்மா.

திண்டுக்கல் ஆர்.சி. பொண்ணு

பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன் டீச்சர், சாமியார் சிரிச்சுட்டார்.

பசுமலை அம்மா

எல்லாத்தையும் படிச்சேன். திருநகர் அண்ணே, மஞ்ச அட்டை இருக்கு, போட்டுட்டுத்தான் போனா, இன்சூரன்ஸ் கேக்குறேன்.

டீச்சரம்மா, அன்னாள்னு சங்கத்துல சொன்னப்பவே எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, மேடைல இருந்ததால முழுங்கிட்டேன். அன்னாள் வருஷா வருஷம் சின்னச் சட்டை தச்சுக் கொண்டுபோயி மகனைக் கண்ணால பாத்தா. வருஷத்துக்கு ஒருதடவை. எனக்கு நாலு வருஷத்துல ஒரே தடவை, அதுவும் மூணு வாரம். வர்றாளேன்னு விளக்குத்தூண்ல துணி எடுத்து, அவ விட்டுட்டுப் போன அளவு ஜாக்கெட்ட வச்சு ஆறு ஜாக்கெட் தச்சு வச்சேன். போட்டுப் பாத்தா தோள்ல நிக்கல, ஆளு அவ்வளவு மெலிஞ்சிருந்தா. 'நல்லா காத்தாட இருக்கும்மா'ன்னு ஊக்கு குத்தி அதையே போட்டுக்கிட்டா. பிரிச்சுப் புடிச்சுத் தரேன்னேன், வேணாங்குறா. அளவு ஜாக்கெட் இங்கதான் கெடக்கு, இப்ப அது யாரு அளவுன்னே தெரியல.

நேத்து ராத்திரி மக கூப்பிட்டா. உசிலம்பட்டிப் பொண்ணு எழுதினத நெனச்சுக்கிட்டு, அந்தம்மா இருந்தா போனைக் குடுடின்னேன். எதுக்கும்மான்னா. குடுடி. பக்கத்து வீடுதான் போல, கூட்டியாந்தா. எனக்கு அவங்க பாஷைல தெரிஞ்சது ஒரே வார்த்தை, 'வெபாலே', நன்றின்னு அர்த்தம், மக லெட்டர்ல கடைசில போடுவா. அதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ, அந்தம்மா பல்லு தெரியச் சிரிச்சுச்சு, முன்பல்லு ரெண்டு இல்ல. பொறகு சிரிப்ப நிறுத்திட்டு என்னையப் பாத்து நீளமா என்னமோ பேசுச்சு, மக தோள்ல தட்டித்தட்டிப் பேசுச்சு. என்னடி சொல்றாங்கன்னா அவ எங்கிட்டோ திரும்பிக்கிட்டு, அப்பறம் சொல்றேன்மாங்குறா. இன்னும் சொல்லல.

கடைசில ரெண்டுதடவை 'ஒம்வானா வஃபே'ன்னுச்சு. ம்வானா புரியுது, அதான் உசிலம்பட்டிப் பொண்ணு எழுதிருச்சே. இந்த வஃபேன்னா என்னன்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க, மகட்ட கேக்க ஒரு மாதிரியா இருக்கு.