கேமராவோடு கடற்கரைக்கு: நல்ல இடத்தை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: ஒரு நாள் முழுக்கக் கடலோரத்தில் படம் எடுக்கத் திட்டம். வெறும் மணலும் அலையுமாக இல்லாமல், பாறை, முகத்துவாரம் மாதிரி இடங்களை வீட்டிலிருந்தே எப்படித் தேடுவது? எந்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்?

பதில் 1: செயற்கைக்கோள் வரைபடத்தில் கரையோரமாகவே நகர்த்திப் பாருங்கள். கரையை ஒட்டிக் கருந்திட்டுகள் தெரிந்தால் பெரும்பாலும் பாறை. பழைய தேதிப் படங்களையும் பாருங்கள், முகத்துவார மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், போன வாரத்து நேரம் உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகமாக வற்றும், மூழ்கிய பாறையும் பாசியும் வெளியே வரும். உச்ச வற்றத்துக்கு 1 மணி நேரம் முன்பே இறங்குங்கள். தண்ணீர் திரும்பியதும் முதலில் நிறைவது பின்னால் இருக்கும் பள்ளம்தான். வந்த வழி அடைபடும். ஆகவே, தண்ணீர் திரும்பியதுமே கிளம்பிவிடுங்கள்.

பதில் 2: முக்காலியை ஈர மணலில் வைத்தால் ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் புதையும், நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டர் சில நொடி திறந்திருக்கும் படம்) கலங்கிவிடும். கால்களை முதலிலேயே அழுத்தி ஊன்றுங்கள். ஒளியைக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) 1/15 நொடி எக்ஸ்போஷர் சுமார் 4 நொடியாகும். அலை பின்வாங்கும்போது அழுத்தினால் நுரைக்கோடுகள் நன்றாக விழும்.

பதில் 3: லென்ஸில் உப்புத்துளி காய்ந்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்தபின் துடையுங்கள்.