நாலரை வயது மகன் டிவி சண்டையை வீட்டில் செய்து பார்க்கிறான், உதவுங்கள்

வணக்கம். ஊர் ஈரோடு. மூன்று மாதமாக என் மகன் டிவியில் வரும் சண்டையை அப்படியே செய்கிறான். முதலில் தலையணையைக் குத்தினான், விளையாட்டு என்று விட்டுவிட்டோம். போன வாரம் ஒன்றரை வயதுத் தங்கையின் கழுத்தைப் பின்னாலிருந்து முழங்கையால் வளைத்துப் பிடித்து, "அசைஞ்சா கொன்னுடுவேன்" என்றான். பாப்பா மூச்சு முட்டி அழுதாள். நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பள்ளி விட்டதும் அவன் மாமனாருடன்தான் இருக்கிறான், அவர் சண்டைப் படம் போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார், தினமும் மூன்று மணி நேரம். 3, 4 வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைக் காட்டினேன். "நாங்க பார்க்காத படமா" என்றார்.

ரிமோட்டை ஒளித்தேன், சுவரில் தலையை முட்டிக்கொண்டான். கார்ட்டூனுக்கு மாற்றினோம், அதிலும் அடிதடிதான். ஒருமுறை நானே அடித்துவிட்டேன், அது பெரிய தப்பு, அன்று மாலையே பொம்மையை அதே மாதிரி அடித்தான். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு காது, பேச்சு எல்லாம் சரி, டிவியைக் குறையுங்கள் என்றார். பள்ளியில் புகார் இல்லை. டிவி போடாத ஞாயிறுகளில் சமர்த்தாக இருக்கிறான், அப்புறம் நன்றாகத் தூங்கவும் செய்கிறான்.

பெரியவர் பொம்மையை அடிப்பதைப் படத்தில் பார்த்த குழந்தைகளும் அப்படியே அடித்ததாக உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1963இல் வெளியிட்ட ஆய்வைப் படித்ததிலிருந்து பயம் கூடிவிட்டது.

மாமனார் மனம் நோகாமல் மதியம் 1 முதல் 4 மணி வரை டிவியை நிறுத்த, உங்கள் வீட்டில் எது பலன் தந்தது?