முதல் நேர்காணலில் அவர் ரிக்கார்டரை நிறுத்தச் சொன்னார்

#1
இரண்டாம் வருடம், சிகானோ படிப்புத் துறையில், அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களைப் பற்றிய துறையில், ஆய்வுமுறை வகுப்பு. கலிஃபோர்னியாவில் சலினாஸ் பக்கம் லெட்டூஸ் வயல்களில் வேலை பார்த்த ஒரு தாத்தாவிடம் வாய்மொழி வரலாறு எடுக்கப் போனேன், கையில் 22 கேள்விகள். மூன்றாவது: "வேலை கஷ்டமாக இருந்ததா?" பதில் சொல்லாமல் எழுந்து போய்க் கொட்டகையிலிருந்து எல் கோர்ட்டீட்டோவை எடுத்து வந்தார். ஒரு முழம்கூட வராத பிடி போட்ட களைக்கொட்டு, 1975இல் கலிஃபோர்னியாவில் தடை செய்தார்களே, அதேதான். என் கையில் கொடுத்துக் குனியச் சொன்னார். இரண்டே நிமிடத்தில் இடுப்பு கடுத்தது, நிமிர்ந்துவிட்டேன். "இப்படி நிமிர்ந்தால் கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்" என்றார். அப்புறம் ரிக்கார்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தன் அண்ணனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதில் ஒரு வரியும் நான் எழுதவில்லை. நான்கு வருடமாக மனசிலேயே கிடக்கிறது.

#2
சரி, ஆனால் அப்படியே விட்டிருக்கக் கூடாது. மறுபடி போய், எதை எழுதலாம் என்று அவரிடமே கேட்டிருக்கலாம். ஒப்புதல் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்கியதோடு முடிகிற சங்கதி இல்லை அது. என் அனுபவம் சின்னது. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வம்சாவளிப் பள்ளி மாணவர்கள் போராட்டமாக வகுப்பை விட்டு வெளியேறியதைத் தேடி, நூலகப் பட்டியலில் 'லத்தீனோ' என்றே தட்டி மூன்று நாள் போனது. ஆவணக் காப்பகத்து அம்மா எட்டிப் பார்த்து 'மெக்சிகன் அமெரிக்கன்ஸ்' என்று அடித்தார், திரை நிறைந்துவிட்டது. புதிதாக வருகிறவர்களே, அந்தக் காலத்தில் இவர்களை என்ன பெயரில் பட்டியலிட்டார்கள் என்று முதலில் பாருங்கள். பேராசிரியருக்கு மின்னஞ்சல் போடும்போது 'ஆய்வில் ஆர்வம்' என்று மட்டும் எழுதாமல், அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். நேர்காணல் எடுப்பதாக இருந்தால் ஐஆர்பி (மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழகக் குழு) அனுமதி வேண்டுமா என்று பருவம் தொடங்கும்போதே விசாரித்துவிடுங்கள், கடைசி மாதத்தில் ஓடாதீர்கள். ஸ்பானிஷ் பதிவை எழுத்தாக்கவும் நேரம் ஒதுக்குங்கள், ஒரு மணி நேரப் பேச்சு ஒரு நாளையே விழுங்கிவிடும்.

#3
திரும்பப் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிறுத்தச் சொன்னதே அவர் பதில்தான். எனக்கு நடந்தது வேறு. கலிஃபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் பற்றிப் போஸ்டர் வைத்திருந்தேன், நடுவில் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் படம். ஒரு ஃபிலிப்பினோ பாட்டி வந்து, தொடங்கிய தேதி செப்டம்பர் 16 என்று நான் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். "எட்டாம் தேதியே நாங்கள் இறங்கிவிட்டோம்." 1965 செப்டம்பர் 8இல் தங்கள் தலைவர் லாரி இட்லியாங்கோடு ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி, எட்டு நாள் கழித்துத்தான் சாவேஸின் சங்கம் சேர்ந்தது. நான் படித்த புத்தகத்திலேயே இருந்தது, தாண்டிப் போயிருக்கிறேன். அங்கேயே பேனாவால் அடித்துத் திருத்தினேன். '8' என்று எழுதி முடிக்கும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.