171.5 கட்-ஆஃப்: பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியலை எப்படி அமைப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டை தாய்மாமன்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 90, இயற்பியலில் 82, வேதியியலில் 81 மதிப்பெண் பெற்றிருக்கிறாள், கணிதத்தோடு மற்ற இரண்டின் பாதியையும் கூட்டினால் 200-க்குக் கட்-ஆஃப் 171.5 வருகிறது. எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) பிரிவு. எட்டாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளியிலும், அதன்பின் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியிலும் தமிழ்வழியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் இதுவரை பட்டம் பெற்றவர் யாரும் இல்லாததால், கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை.

கணினி அறிவியல்தான் அவள் விருப்பம். அது இல்லையென்றால் இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்). கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்காது என்று தெரிந்தும் அதைப் பட்டியலில் முதலில் எழுத ஆசைப்படுகிறாள். எங்கள் தெருவில் பிரவுசிங் சென்டர் நடத்துபவரோ, கிடைக்காத கல்லூரியை மேலே வைத்தால் கிடைக்கக்கூடிய இடமும் கைநழுவிவிடும், ஆகவே கிடைப்பதையே முதலில் போடுங்கள் என்கிறார். இது உண்மையா? எத்தனை கல்லூரிகளை எழுதலாம், வாய்ப்பை எதை வைத்துக் கணிப்பது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இவளுக்குப் பொருந்துமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதற்கிடையில் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ஒருவர் நாள்தோறும் அழைத்து, முன்பணம் கட்டி, கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் இடத்தை உறுதிசெய்யுங்கள் என்று வற்புறுத்துகிறார்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பெரம்பூர்

ஐயா, பிரவுசிங் சென்டர்காரர் சொல்வது தவறு; ஆனால் ஆண்டுதோறும் பல பிள்ளைகளின் பட்டியலைக் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். ஒதுக்கீடு தரவரிசைப்படி நடக்கிறது. உங்கள் மருமகளின் முறை வரும்போது, அவளுடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வரும் கணினி, அவளுக்கு இடம் மிச்சமிருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. மேலே எழுதியவை கிடைக்காமல் போனால் அடுத்த வரிக்குப் போகுமே தவிர, அதற்காக அவளுடைய தரவரிசை ஓர் எண்கூடக் கீழிறங்காது. கிண்டியை முதலில் எழுதட்டும். மாறாக, எளிதில் கிடைக்கும் கல்லூரியை மேலே வைத்தால் அதுவே கிடைத்துவிடும். அதற்குக் கீழே எழுதிய நல்ல இடம் காலியாக இருந்தாலும் கணினி அங்கே பார்க்காது. வரிசையை விருப்பமும், பட்டியலின் நீளத்தை வாய்ப்பும் தீர்மானிக்க வேண்டும்.

வாய்ப்பைக் கணிக்கும்போது சென்ற ஆண்டின் கட்-ஆஃப் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வினாத்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்தே ஏறுகிறது: 200-க்கு 200 பெற்றவர்கள் 2024-இல் 65 பேர், 2025-இல் 144 பேர். ஆகவே தரவரிசை வெளியானதும், முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் எந்தத் தரவரிசையோடு சேர்க்கை முடிந்தது என்பதோடு அவளுடைய எண்ணை ஒப்பிடுங்கள். எம்பிசி பட்டியலோடு பொதுப் பட்டியலையும் பார்க்க வேண்டும். பொதுப்பிரிவின் 31 சதவீத இடங்களுக்கு எல்லாச் சமூகத்தினரும் போட்டியிடலாம், அதற்கு மேல்தான் எம்பிசிக்குரிய 20 சதவீதம் வருகிறது.

ஒப்பிட்டுப் பார்த்தால் பட்டியல் தானாகவே மூன்றாகப் பிரியும். அவளைவிட நல்ல தரவரிசையோடு முடிந்தவை ஆசைக்கு. அவளுடைய எண்ணுக்குச் சற்று முன்னும் பின்னும் முடிந்தவை நடுவில். வெகுதூரம் தள்ளி முடிந்தவை பாதுகாப்புக்கு. நடுப்பகுதியைத்தான் தாராளமாக நிரப்ப வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பில்லை, ஆனால் கிடைத்தால் சேரமாட்டேன் என்று அவள் சொல்லும் கல்லூரியைப் பாதுகாப்புக்கு என்று எழுதுவதில் பொருளில்லை. கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்ததே ஒரு விருப்பம் என்பதால், எல்லாக் கல்லூரிகளின் கணினி அறிவியலையும் முதலில் எழுதிவிட்டு, பிறகு எல்லா இசிஇ-யையும் எழுத வேண்டிய கட்டாயமில்லை. நல்ல ஆசிரியர்களும் ஆய்வகமும் உள்ள கல்லூரியின் இசிஇ, சுமாரான கல்லூரியின் கணினி அறிவியலுக்கு முன்னால் வரலாம். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன். அந்தப் பாடப்பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதமும் உதவும். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றின் விகிதத்தை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது.

7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி அதில் அடங்கும், அரசு உதவிபெறும் பள்ளி அடங்காது. ஆகவே அவள் அதில் வரமாட்டாள். முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். அதைக் காட்டிப் பெறும் கல்விக் கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வு வழியே சேர்பவர்களுக்கு மட்டுமே உண்டு. முன்பணம் கேட்டு அழைப்பவர் இதை உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்.

மறுமொழி 2: மூன்றாம் ஆண்டு மாணவி, திருவொற்றியூர்

அண்ணா, ஆசிரியர் ஐயா விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பயணத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலைக் கல்லூரி எதுவானாலும் தண்டையார்பேட்டையிலிருந்து நகரத்தின் மறுமுனை. விடியற்காலையில் கல்லூரிப் பேருந்தைப் பிடித்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் என் தோழிகள் வார நாட்களில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. அதற்கு மாறாக, கவரைப்பேட்டைப் பக்கமுள்ள கல்லூரிகளுக்குத் தண்டையார்பேட்டை நிலையத்திலேயே கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறலாம். செங்குன்றம், ஆவடிப் பக்கமும் பாருங்கள். கிண்டிக்கு விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ நேராகப் போகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை வளாகமான எம்ஐடி-க்குக் கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயில் உண்டு. கல்லூரிப் பேருந்துக் கட்டணம் தனி என்பதையும், அது முதல் பட்டதாரிச் சலுகையில் வராது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்காள் மகள் தமிழ்வழியில் படித்தவர் என்பதால், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தையும் விசாரியுங்கள். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் 2024-இல் அது விரிவுபடுத்தப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

மறுமொழி 3: ஒரு தந்தை, மாதவரம்

பொறியியல் கலந்தாய்வை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள். எங்கள் மாதவரம் பால்பண்ணையில் தலைமையிடம் கொண்ட கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், கோடுவெளியில் உள்ள தன் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பமும் பால்வளத் தொழில்நுட்பமும் பி.டெக். படிப்புகளாக நடத்துகிறது. அதற்குத் தனி விண்ணப்பம், தனித் தரவரிசை. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியும் பாரதி மகளிர் கல்லூரியும் உங்களுக்கு அருகில்தான் இருக்கின்றன. அந்தச் சேர்க்கை பொறியியல் கலந்தாய்வுக்கு முன்பே தொடங்கிவிடும்.

முன்பணம் எதற்காகவும் கட்டாதீர்கள். எந்தக் கல்லூரியிலும் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவற்றை நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது.

கேள்வியாளர்

மிக்க நன்றி. கிண்டியை முதலில் எழுதச் சொல்லிவிட்டேன். ஓர் ஐயம்: பட்டியலின் நடுவில் உள்ள ஒரு கல்லூரி கிடைத்தால், அதை விடாமலேயே மேலே உள்ளவற்றுக்குக் காத்திருக்க முடியுமா?

மறுமொழி 4: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், பெரம்பூர்

முடியும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுக்கொண்டு சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது என்பன போன்ற தெரிவுகள் திரையில் வரும். அவள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கட்டும். அப்படிச் செய்பவர்கள் கல்லூரிக்குப் போகாமல், சேர்க்கை உதவி மையத்தில் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும். தரவரிசையில் மேலே உள்ளவர்கள் சேராமல் விட்ட இடங்கள் அதன்பின் நிரப்பப்படும்போது, அவளுக்கு உயர்ந்த விருப்பம் கிடைத்தால் பழைய இடம் தானாகப் போய்விடும்; திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் வரிசையை உண்மையான விருப்பப்படி எழுதச் சொன்னேன். மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தரவரிசைப்படி அவள் கலந்தாய்வின் இரண்டாம் அல்லது மூன்றாம் சுற்றில் வந்தால், முந்தைய சுற்று முடிந்தபின் இணையதளத்தில் வரும் காலியிடப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பட்டியலின் கீழ்ப்பகுதியை மட்டும் திருத்துங்கள். ஒதுக்கீட்டை உறுதிசெய்யக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. அந்த நாட்களில் கடவுச்சொல்லும் கைப்பேசியும் பிரவுசிங் சென்டரில் இல்லாமல் அவள் கையிலேயே இருக்கட்டும்.