புளித்த பால் ஊற்றிய தரை

பழைய வீடு பார்த்த அனுபவம் என்றால் எனக்கு ஆல்ஃபிரிஸ்டன்தான். இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். அங்கே தேவாலயத்தின் அருகில் கூரை வேய்ந்த மரச்சட்ட வீடு ஒன்று இருக்கிறது. பெயர் கிளெர்ஜி ஹவுஸ். சுமார் 600 வயது.

இந்த மாதிரி வீடு என்றதும் கறுப்புக் கட்டை, வெள்ளைச் சுவர் என்று காலண்டர் படம்தான் என் மனதில் இருந்தது. இங்கே ஓக் மரம் பூச்சே இல்லாமல் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. கறுப்பு அடிப்பதெல்லாம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு மோகமாம்.

சட்டங்கள் அங்கங்கே வளைந்திருந்தன. "வயசாகிவிட்டது, பாவம்" என்றேன். சுற்றிக்காட்டிய பாட்டி சிரித்துவிட்டார். ஓக் காய்ந்துவிட்டால் உளி இறங்காது. அதனால் வெட்டிய ஈரத்தோடே இழைத்து, ஒரு சட்டத்தின் நுனியில் செதுக்கிய கழுந்தை (நாக்கு போன்ற பகுதி) அடுத்த சட்டத்தின் துளையில் செருகி, மர முளை அடித்துவிடுவார்கள். இரும்பு ஆணி வேண்டாம். இரண்டு சட்டங்களிலும் முளைக்கான துளைகளை வேண்டுமென்றே நூலளவு விலக்கிப் போடுவதால், அடிக்க அடிக்க மூட்டு இறுகும். அப்புறம் நின்ற இடத்திலேயே மரம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். ஆக, அந்த வளைவு முதுமைக் கூன் இல்லை, வீடு குழந்தையாக இருந்தபோதே வந்தது. ஐந்தில் வளைந்ததுதான்!

சட்டங்களுக்கு நடுவே மிளாறு (மெல்லிய குச்சிகள்) பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் குழைத்து அப்புவது அந்தக் கால வழக்கம். நடுக்கூடத்துக்கு மேல்தளம் இல்லை, அண்ணாந்தால் நேரே கூரைதான். ஆதியில் புகைபோக்கி கிடையாது. தரையில் எரித்த நெருப்பின் புகை மேலே போய்த் தானாக வழி தேடிக்கொள்ளும். குளிர்காலத்தில் கண் என்ன பாடு பட்டிருக்கும்!

இடிக்கப் பார்த்த வீடு இது. 1896-இல், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 10 பவுண்டுக்கு வாங்கியது. அவர்கள் வாங்கிய முதல் கட்டடம் இதுதான். விலை சல்லிசு, பழுதுபார்க்கத்தான் அதைப்போலப் பல மடங்கு தேவைப்பட்டது.

என் மகளுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. கூடத்தின் தரை, சீமைச்சுண்ணாம்புக் கல்லை இடித்துப் போட்டு, புளித்த பால் ஊற்றி இறுக வைத்தது என்று பாட்டி சொன்னதும், மண்டியிட்டு மோந்து பார்த்தாள். வாசனை ஒன்றும் இல்லை என்று ஒரே ஏமாற்றம்.

அன்று இரவு சமையலறையில் பாலைக் கொட்டினாள். துடைக்கத் துணி எடுத்தேன். "விடுங்கப்பா, தரை கெட்டியாகட்டும்" என்றாள்.