லக்சுரி அபார்ட்மென்ட்வாசிகளே, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பி டவர் (நாவலூர்):
கேட் ஆப் எல்லோருக்கும் தெரியும்: வாசலுக்கு வருபவரை செக்யூரிட்டி படமெடுத்து அனுப்ப, உள்ளே விடலாமா என்று நம் போனில் கேட்கும். அப்பா மன்னார்குடியில் ராத்திரி பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். நான் வீட்டிலிருந்தபடி ஆபீஸ் மீட்டிங்கில். போன் அதிர்ந்தது. திறந்தால் அப்பாவின் முகம். எந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்களோ, கேமராவை விட்டுவிட்டு எங்கேயோ பார்க்கிறார். தோளில் துண்டு, கையில் கட்டைப்பை, அதிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது. படத்துக்குக் கீழே 'டெலிவரி' என்று போட்டு, அனுமதிக்கவா மறுக்கவா என்று இரண்டு பட்டன்.

லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பின் கேட்டில், குப்பை வண்டி நிற்கிற இடத்தில் நிற்க வைத்திருந்தார்கள். "இங்க நெழலாத்தான் இருக்கு தம்பி, நீ ஏன் வேலைய விட்டுட்டு வந்தே?" என்றார். அவ்வளவுதான் விஷயம். அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது.

லாரித்தண்ணி (பெருங்குடி):
2019 கோடை, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி நாலும் வறண்ட வருஷம். எங்களுக்கு மெட்ரோ வாட்டர் குழாய் கிடையாது, போர்வெல் தண்ணீரும் உப்பு. குளியலறையில் மழை மாதிரி கொட்டும் என்று விளம்பரத்தில் காட்டிய ஷவர், துளையெல்லாம் உப்பேறி அடைத்துக் கிடந்தது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் என்று அசோசியேஷன் அறிவிப்பு. ஒரு நாள் நடுராத்திரி லாரிச் சத்தம் கேட்டு பால்கனிக்கு வந்து பார்த்தேன். லாரியின் குழாய், தண்ணீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டியான சம்ப் பக்கமே போகவில்லை. புல்தரையைத் தாண்டி நேராக நீச்சல் குளத்துக்குள் விழுந்திருந்தது. குளத்தின் நீல விளக்கு வேறு எரிகிறது! மறுநாள் கேட்டால், காயவிட்டால் டைல்ஸ் பெயர்ந்துவிடுமாம். இருக்கலாம். எங்கள் வீட்டில் அன்று பாத்திரம் கழுவவில்லை.

பள்ளிக்கரணைக்காரன்:
பி டவர் நண்பருக்கு ஒன்று. செக்யூரிட்டி மேல் பாயாதீர்கள். அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிற பையன்கள். விருந்தாளி, டெலிவரி, கேப், வேலையாள் என்று ஆப்பில் நாலு பட்டன். பையோடு நின்றால் டெலிவரி என்றுதான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம், யார் பழக்கியது?

மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பர் 4, எங்கள் பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர். ஜெனரேட்டர் பேனலும் அங்கேயே இருந்தது. எந்தப் புத்திசாலி வரைந்த பிளானோ. கரண்ட் போய் லிஃப்ட் நின்றது. படிக்கட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூழ்கிக் கிடந்த ஒரு கார் தண்ணீருக்கடியில் இண்டிகேட்டரை விட்டு விட்டு எரித்துக்கொண்டிருந்தது. டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒன்பதாவது மாடிப் பெரியவரை நாற்காலியோடு தூக்கி இறக்கியது அந்த செக்யூரிட்டிப் பையன்கள்தான்.

பி டவர்:
நான் எங்கே சார் செக்யூரிட்டியைத் திட்டினேன்? திரும்பப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எங்கள் லாபியில் மார்பிள் பலகை ஒன்று பெயர்ந்து விழுந்தது, நல்லவேளை யாரும் கீழே இல்லை. அதை விடுங்கள். இங்கே யாரும் முக்கியமானதைப் பேசவில்லை.

விளம்பரத்தில் 1,800 சதுர அடி என்பது சூப்பர் பில்ட்-அப், அதாவது லாபி, படிக்கட்டு போன்ற பொது இடப் பங்கும் சேர்த்து. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டப்படி விலையைப் பேச வேண்டியது கார்பெட் ஏரியாவுக்கு, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் இடத்துக்கு. பத்திரத்தில் உங்கள் பெயரில் எத்தனை சதுர அடி யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) என்று பாருங்கள். நாளைக்குக் கட்டடம் பழசானால் கையில் மிஞ்சுவது அந்த நிலப் பங்குதான். வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிந்து எழுதிக் கொடுத்தால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும், ரெரா பிரிவு 14(3). விரிசல், ஒழுகல் எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். வீடு வாங்கும்போது பராமரிப்புக்கென்று மொத்தமாக வாங்கிய கார்பஸ் நிதி பில்டர் கணக்கில் தூங்குகிறதா, அசோசியேஷன் கணக்குக்கு வந்ததா? அப்புறம், மெயிண்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

லாரித்தண்ணி:
முழுத் தொகைக்கு என்று சொன்னது வரித்துறையின் 2019 சுற்றறிக்கை. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாயிற்று. அரைகுறையாக எழுதி பயமுறுத்தாதீர்கள்.

சி டவர் அம்மா (சோழிங்கநல்லூர்):
நீங்கள் வரியைப் பேசி முடியுங்கள். எங்கள் லிஃப்ட் பக்கத்தில் ஒரு பலகை: "வேலையாட்கள், டெலிவரி, செல்லப்பிராணிகள் சர்வீஸ் லிஃப்ட்டைப் பயன்படுத்தவும்." நாய் வளர்க்கிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டார்கள். ஒரே வாரம். 'செல்லப்பிராணிகள்' என்ற வார்த்தை மேல் மட்டும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்கள். மற்றது அப்படியே இருக்கிறது. ஒரு நாள் சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்கா, முட்டிவலிக்காரி, பன்னிரண்டு மாடி படியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே "லேட்டாயிடுச்சும்மா" என்கிறார்.

வரும் ஞாயிறு பொதுக்குழு. யாராவது உங்கள் குடியிருப்பில் இந்த விதியை எடுக்க வைத்திருந்தால், தீர்மானம் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று எழுதுங்கள். கணக்குப்பிள்ளை சார், சுருக்கமாக.